பவர் இன்லெட்டுக்கு லக் வாங்கும் முன் தகட்டை அளந்துவிடுங்கள்

கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபையர் பின்பக்கம் பவர் கார்டு செருகும் இன்லெட்டை மாற்றுகிறீர்களா? சால்டர் வேண்டாம், கிரிம்ப் லக் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தி, இன்லெட்டின் தகட்டில் செருகும் உலோக முனை) போடுங்கள். வாங்கும் முன் இன்லெட்டின் பின்புறத் தகட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 6.3 மி.மீ. இருக்கும், சிலவற்றில் 4.8. பெரிய லக் சின்னத் தகட்டிலும் ஏறிவிடும், அதுதான் வம்பு. பிடிப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகிக் கருகும். சால்டர் சூட்டில் பிளாஸ்டிக் இளகித் தகடு சாய்ந்துவிடும் என்பதால்தான் லக்.

10 ஆம்பியர் இன்லெட்டுக்கு 1 சதுர மி.மீ. மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழைகள் கொண்ட) செம்பு வயர் பொதுவாகப் போதும். அதற்குச் சிவப்பு உறை லக் (0.5 முதல் 1.5 வரை). நீலம் 1.5 முதல் 2.5 வரையிலான வயருக்கு. மெல்லிய வயரை அதில் போட்டு எவ்வளவு நசுக்கினாலும் உருவிக்கொண்டு வரும். கிரிம்ப் செய்ததும் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். இழைகளுக்கு முன்கூட்டியே ஈயம் பூசாதீர்கள், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நெகிழ்ந்து பிடிப்பு போய்விடும். அப்புறம், எர்த் வயரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். இழுபட்டால் அது கடைசியில்தான் கழல வேண்டும்.

ஒற்றைக் கம்பி வயருக்கு இந்த லக் சரிவராது. ஸ்க்ரூ வகை இன்லெட்டுக்கு லக்கே தேவையில்லை, ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போதும். 16 ஆம்பியர் இன்லெட் என்றால் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஹீட்டர் பக்கத்தில் ஓடும் வயர் சிலிக்கான் உறையாக இருக்கட்டும்.