ஏர்ஃப்ளோ டேட்டாபேஸ் இனிஷியலைஸ் பண்றது எப்படி? மொத தடவ பண்றவங்களுக்கு

லினக்ஸ்ல அப்பாச்சி ஏர்ஃப்ளோ (வேலைகள நேரத்துக்கு வரிசையா ஓட்டிவிடுற டூல்) இன்ஸ்டால் பண்ணியாச்சு, அதுல வேலைகள எப்ப ஓட்டணும்னு பாத்துக்கிற ஷெட்யூலர ஓட்டிப் பாத்தா டேட்டாபேஸ் எர்ரரா கக்குதா? பயப்படாதீங்க. எந்த வேலை எப்ப ஓடுச்சு, எது ஃபெயில் ஆச்சு, அடுத்து எது ஓடணும்னு எல்லாத்தையும் ஷெட்யூலர் ஒரு டேட்டாபேஸ்லதான் எழுதி வைக்கும், அந்த டேபிள்கள நாம இன்னும் உருவாக்கல, அவ்ளோதான். (கமாண்ட தமிழ்ல எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.)

1. ஏர்ஃப்ளோ ஹோம், அதாவது ஏர்ஃப்ளோ தன் ஃபைல்கள வைக்கிற ஃபோல்டர், எதுன்னு முடிவு பண்ணுங்க. ஒண்ணும் சொல்லலன்னா உங்க ஹோம் டைரக்டரிக்குள்ள ஏர்ஃப்ளோன்னு ஒரு ஃபோல்டர் போட்டுக்கும். எப்பவும் ஒரே யூசர்லயே ஓட்டுங்க, நான் ஒரு தடவ கான்ஃபிக்க என் யூசர்ல மாத்திட்டு கமாண்ட ரூட்ல போய் அடிச்சேன், அது ரூட்டுக்குன்னு தனியா ஒரு எஸ்க்யூலைட் (ஒரே ஃபைல்ல இருக்கிற சின்ன டேட்டாபேஸ்) ஃபைல உருவாக்கிட்டு சக்சஸ்னு சொல்லிருச்சு, டேபிள் எங்கடான்னு அரை நாள் தேடினேன்.

2. எஸ்க்யூலைட்டுக்கு பதிலா நாம போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் சர்வர வச்சுக்கப் போறோம். அதுல ஒரு யூசர், ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்க. டேட்டாபேஸ் ஓனரா அந்த யூசரையே போட்டுருங்க. போஸ்ட்கிரெஸ் 15லேர்ந்து பப்ளிக் ஸ்கீமால (டேபிள்கள் டீஃபால்ட்டா போற இடம்) எல்லாரும் டேபிள் போட முடியாது, ஓனரா இருந்தா அந்தத் தலைவலி இல்ல. பைத்தான் பக்கம் போஸ்ட்கிரெஸோட பேச சைகாப்ஜி2 டிரைவரும் வேணும், பிப் வச்சு போட்டுக்கலாம்.

3. ஏர்ஃப்ளோ வெர்ஷன்னு ஒரு தடவ அடிச்சா கான்ஃபிக் ஃபைல் வந்துரும். அதுல டேட்டாபேஸ் செக்ஷன்ல எஸ்க்யூஎல் ஆல்கெமி கான்ங்கிற லைன்ல டீஃபால்ட்டா எஸ்க்யூலைட் இருக்கும், அத உங்க போஸ்ட்கிரெஸ் அட்ரஸா மாத்துங்க. பாஸ்வேர்ட்ல @ இருந்தா நேரா போடாதீங்க, %40ன்னு போடணும், அதுவும் இந்த ஃபைல்ல % குறிக்கு வேற அர்த்தம் இருக்கிறதால %%40ன்னு ரெண்டு தடவ. இதுல மாட்டாத ஆளே இருக்க மாட்டாங்க.

4. இப்ப அவசரப்படாம ஏர்ஃப்ளோ டிபி செக் அடிங்க. கனெக்ஷன் வருதான்னு மட்டும்தான் அது பாக்கும், எஸ்க்யூலைட்டா இருந்தாலும் ஓகேன்னுதான் சொல்லும், அதனால ஏர்ஃப்ளோ கான்ஃபிக் கெட்-வேல்யூ, கூடவே அந்த செக்ஷன் பேரும் லைன் பேரும் போட்டு அந்த லைன்ல நிஜமாவே போஸ்ட்கிரெஸ்தான் இருக்கான்னு பாருங்க.

5. ஏர்ஃப்ளோ டிபி மைக்ரேட் அடிங்க, டேபிள்கள உருவாக்குறது இதுதான். பழைய டுடோரியல்ல டிபி இனிட்னு இருக்கும், 2.7லயே அத ஓரங்கட்டிட்டாங்க, 3ல சுத்தமா கிடையாது.

6. பிஎஸ்க்யூஎல்லுக்குள்ள (போஸ்ட்கிரெஸோட டெர்மினல் டூல்) போய் டேபிள் லிஸ்ட் எடுங்க. டாஸ்க் இன்ஸ்டன்ஸ், டாக் ரன், அலெம்பிக் வெர்ஷன் எல்லாம் தெரிஞ்சா வேலை முடிஞ்சுது, ஷெட்யூலர ஸ்டார்ட் பண்ணலாம்.

எங்கயாச்சும் சிக்கினா டிபி ரீசெட் அடின்னு சிலர் சொல்லுவாங்க. புது மெஷின்னா அடிங்க, ஏற்கனவே வேலை ஓடிட்டிருக்கிற சர்வர்ல மட்டும் கைய வச்சிராதீங்க, பழைய ரன் ஹிஸ்டரி, கனெக்ஷன் எல்லாம் மொத்தமா போயிரும்.