மொட்டை மாடி வானப் படங்கள்: ஒளிமாசு ஃபில்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் முன்பு சோடியம் விளக்குகள் எரிந்தன. மொட்டை மாடியிலிருந்து படமெடுக்கும்போது வானம் முழுக்க ஆரஞ்சு பூத்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு மருந்து இருந்தது. சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள் நிறத்தை, ஒட்டியே குவிகிறது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டும் ஃபில்டரை மாட்டினால் படத்தில் வானம் கறுக்கும். பிறகு எல்.இ.டி. வந்தது. அதன் வெள்ளை ஒளியில் 450 நானோமீட்டர் அருகே ஒரு நீல முகடு, அதையடுத்துப் பச்சையிலிருந்து சிவப்பு வரை நீளும் ஒரு மேடு. வெட்டி எறிய என்று தனியாக ஓர் இடம் அதில் இல்லை. சோடியம் காலத்து ஃபில்டர்களோ இன்றும் அதே பெயரில் விற்பனையாகின்றன. தெருவில் எரிவது எந்த விளக்கு என்று பார்க்காமல் வாங்குவதே முதல் தவறு.

பார்ப்பது எளிது. பழைய சி.டி. ஒன்றை எடுத்து, தெருவிளக்கின் ஒளி அதில் பட்டுத் தெரியும்படி சாய்த்துப் பிடியுங்கள். சோடியம் என்றால் நிறங்கள் துண்டு துண்டாக, இடையிடையே இருளோடு நிற்கும். எல்.இ.டி. என்றால் வானவில் அறுபடாமல் ஓடும்.

அடுத்த தவறு, நான் மிகவும் வருந்திய தவறு. இரட்டைக் குறும்பட்டை ஃபில்டர் ஒன்று வாங்கினேன். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பையும், ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் நீலப்பச்சையையும் மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் நிறுத்திவிடும் வகை. ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் அதில் அற்புதமாக வந்தது. அந்த மகிழ்ச்சியில் இரண்டு இரவுகள் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலத்தைப் படமெடுத்தேன். கிடைத்தது சாம்பல் பூத்த ஒரு மங்கல்.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஃபில்டர் உள்ளே விடும் ஒவ்வொரு நிறப் பட்டையின் அகலமும் 7 நானோமீட்டர் என்றால் இரண்டும் சேர்த்து 14. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ சுமார் 300 நானோமீட்டர் அகலம். தெருவிளக்கின் ஒளியில் இருபதில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. நெபுலாவின் ஹைட்ரஜன் ஒளி ஏறக்குறைய முழுதாக வருகிறது. லாபம் அங்கேதான் இருக்கிறது. ஆண்ட்ரோமெடாவிலிருந்து வருவது கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி. அது எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால், தெருவிளக்கோடு சேர்ந்து அதுவும் இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது. கார்த்திகை விண்மீன்களைச் சுற்றியுள்ள நீலப் புகைக்கும் இதே கதிதான். அது விண்மீன் ஒளியைத் தூசு சிதறடிப்பதால் தெரிவது. இவற்றுக்கு ஃபில்டரே வேண்டாம். அதிக நேரம் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்குங்கள். முடிந்தால் ஃபில்டருக்கான பணத்தில் வானம் இருண்டிருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு பயணம் போய்வாருங்கள்.

கேமராவையும் யோசிக்க வேண்டும். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சாருக்கு முன்னால் கம்பெனியே பொருத்திய கண்ணாடி, ஹைட்ரஜன் சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதன் மேல் விலை உயர்ந்த குறும்பட்டை ஃபில்டரைப் போட்டால் மிஞ்சுவது சொற்பம். அந்தக் கண்ணாடியை முழுதாக நீக்கிய கேமரா என்றால் சிக்கல் தலைகீழ்: அகச்சிவப்பைத் தடுக்காத ஃபில்டரை வாங்கினால் விண்மீன்கள் ஊதிப் பெருத்துவிடும்.

பட்டை குறுகக் குறுக நல்லது என்று எண்ணி 3 நானோமீட்டருக்குத் தாவுகிறவர்களும் உண்டு. இந்த ஃபில்டர்களில் ஒளி சாய்வாக விழுந்தால் பட்டை நீலப் பக்கம் நகரும். எஃப்/2 போன்ற வேகமான (குவியத் தூரம் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கே உள்ள) தொலைநோக்கியில் விளிம்புக் கதிர்கள் சுமார் 14 டிகிரி சாய்வில் வருவதால், அவற்றுக்குப் பட்டை சில நானோமீட்டர் விலகிப் போகும். நீங்கள் தேடிய நிறம் பட்டைக்கு வெளியே நின்றுவிடும். அத்தகைய கருவிக்கென்றே முன்கூட்டி நகர்த்திச் செய்த ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டிய பிறகு செய்யும் பிழைகள் சிறியவை, ஆனால் இரவையே வீணாக்கும். ஃபில்டர் போட்டதும் ஃபோகஸை மறுபடி சரிசெய்ய வேண்டும். 2 மில்லிமீட்டர் கண்ணாடி ஃபோகஸை ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் தள்ளிவிடும். முன்பு 30 விநாடி எடுத்த இடத்தில், கருவி விண்மீனைப் பிசகாமல் பின்தொடரும் என்றால், 3 முதல் 5 நிமிடம் வரை எடுங்கள். ஃப்ளாட் படங்களையும் (தூசு நிழலையும் ஓர இருட்டையும் பிறகு திருத்த, சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) அதே ஃபில்டரோடுதான் எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு விளக்கு நேராகக் குழாய்க்குள் அடித்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. கறுப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டித் தொலைநோக்கியின் வாயில் நீட்டிக் கட்டுங்கள். அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டும் பாருங்கள். எங்கள் பின்வீட்டு அக்காவை ஒருநாள் மாடிக்கு அழைத்து, திரையில் ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். அன்று முதல் பத்தரை மணிக்கு அவர்கள் மாடி விளக்கு அணைந்துவிடுகிறது.