ட்ரையத்லன் பழகத் தொடங்குபவர்களுக்கு: மணிக்கூடு, செயலி, நெஞ்சுப்பட்டி – எதை எப்போது பயன்படுத்துவது?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி விடாமல் செய்வதுதான் ட்ரையத்லன். புதியவர்களுக்கு ஏற்றது ஸ்பிரின்ட் தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதன் இரண்டு மடங்கு. மட்டக்களப்பில் இருப்பவருக்குக் கடலும் வாவிக்கரையும் ஏற்ற இறக்கமில்லாத கல்முனை வீதியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த மணிக்கூடு வாங்குவது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: முதல் மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம்

நிறுத்துமணி உள்ள சாதாரண மணிக்கூடும் ஒரு சி.ஆர். கொப்பியும் போதும். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் அது இலகுவான ஓட்டம். இரண்டு மூன்று சொல்லோடு மூச்சு வாங்கினால் கடுமையான ஓட்டம். முடித்ததும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று 1 (மிக இலகு) முதல் 10 (மிகக் கடுமை) வரை ஒரு புள்ளி போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஓடினீர்கள், வெயில் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்பதும் அந்த வரியில் இருக்கட்டும். பின்னால் வாங்கப்போகும் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க உங்களிடம் இருக்கப்போகும் ஒரே அளவுகோல் இந்தக் கொப்பிதான்.

படி 2: கையில் இருக்கும் போன்

அடுத்து ஒரு இலவசச் செயலி. தூரமும் வேகமும் ஜிபிஎஸ் மூலம் பதிவாகும். ஒரு மாதம் கழித்துப் பின்னோக்கிப் பார்க்கும்போது எவ்வளவு முன்னேறியிருக்கிறீர்கள் என்பது கண்முன்னே தெரியும். அது பெரிய உற்சாகம்.

ஆனால் முதல் ஓட்டத்தைப் பதிவதற்கு முன் தனியுரிமை அமைப்புக்குள் போய், தொடங்கும் இடமும் முடியும் இடமும் மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறையுங்கள். ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா என்ற செயலி 2017இல் வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களுக்குள் ஓடியவர்களின் தடங்கள்கூடத் தெரிந்தன. உங்கள் வீட்டு ஒழுங்கையும் அப்படித்தான் தெரியும். விடியற்காலையில் தனியாக ஓடும் பெண்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்பிவிட்டுப் போவது நல்லது.

படி 3: நாடித்துடிப்பு

நம் ஊரில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், ஆகவே ஆறுதலாக வாசியுங்கள்.

மணிக்கூட்டின் அடியில் மின்னுகிற பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தின் மாற்றத்தை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. பட்டி தளர்ந்தாலோ கை குலுங்கினாலோ எண் தவறும். நெஞ்சில் கட்டும் பட்டி இதயத்தின் மின்சமிக்ஞையையே எடுப்பதால் அதை அதிகம் நம்பலாம்.

எண் சரியாக இருந்தாலும் அதன் பொருள் வேறாக இருக்கலாம். மே மாதம் காலை ஒன்பது மணிக்குக் கல்லடிக் கடற்கரை வீதியில் ஒரே வேகத்தில் ஓடிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு, வேகம் கூடாமலே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். வியர்வையாக நீர் வெளியேற இரத்தத்தின் கனவளவு குறைகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டியிருக்கிறது. இதயம் கூடுதல் தடவை துடித்து அதை ஈடுகட்டுகிறது. மணிக்கூட்டுக்கு இது விளங்காமல், "உங்கள் உடற்தகுதி குறைந்துவிட்டது" என்று காட்டக்கூடும். மனம் உடைய வேண்டாம். அன்றைக்கு வேகத்தை மறந்துவிட்டு, கொப்பியில் போடும் 1 முதல் 10 புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஓடுங்கள். குளிர்நாட்டவருக்கு எழுதிய அட்டவணையில் உள்ள வேகத்தை இந்த வெயிலில் துரத்துவது ஆபத்து. வெப்பத்தாக்கம் உயிரையே எடுக்கும்.

220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்பதும் சராசரிக் கணக்குதான். ஒரே வயதுக்காரர் இருவருக்கிடையே பத்து, பதினைந்து துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

எனக்கு மிகவும் பிடித்த அளவீட்டுக்குக் காசே தேவையில்லை. காலையில் கண் விழித்ததும், எழும்பாமல், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு. மாரி காலத்தில், உடம்பு நோவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு டெங்குவா என்று இரத்தம் சோதியுங்கள்.

வீட்டில் தராசு இருந்தால் நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. நிறை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள், அதுவும் கூடாது.

படி 4: கடலில்

ஜிபிஎஸ் சமிக்ஞை தண்ணீருக்குள் வராது. கை வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் மணிக்கூடு இடத்தைப் பிடிக்கிறது, அதனால் நேராக நீந்தினாலும் வரைபடத்தில் கோடு கோணல்மாணலாக வரும். தூரத்தைத் தோராயமாகவே எடுங்கள்.

பழக நல்ல இடம் பாசிக்குடா. ஆழம் குறைவு, அலையும் குறைவு. கல்லடியில் என்றால் கரைவலை இழுக்கும் நேரத்தையும் கயிறு கிடக்கும் திசையையும் மீனவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். முகத்துவாரத்துப் பக்கம் வேண்டாம், நீரோட்டம் இழுக்கும். வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் கடலே வேண்டாம். இதையெல்லாம் எந்தச் செயலியும் சொல்லாது. காணொளிகளில் காட்டும் வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை, குளிர்ந்த நீருக்கானது. நம் கடலுக்குத் தேவையில்லை.

படி 5: சைக்கிளில்

வலுமானி மிதிக்கிற வலுவை வாட்டில் சொல்லும். அருமையான கருவிதான், ஆனால் விலை அதிகம். முதல் வருடம் தேவைப்படாது. அதுவரை வேகமானியை மட்டும் நம்பாதீர்கள். கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது அதே உழைப்புக்கு வேகம் பாதியாகத் தெரியும். காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு, காற்றோடு திரும்புங்கள். ஒரு காலின் மிதிப்பை மட்டும் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 80க்கும் 90க்கும் இடையில் வந்தால் நல்லது.

படி 6: பார்க்க முன் ஊகியுங்கள்

மணிக்கூடு வாங்கிய பிறகு ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும், திரையைப் பார்க்க முன், இது எத்தனை நிமிடம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள். சில வாரங்களில் ஊகமும் எண்ணும் நெருங்கி வரும். போட்டி நடுவில் பற்றரி இறங்கினாலும் பிறகு உங்களுக்குத் தடுமாற்றம் இருக்காது. 2020 ஜூலையில் இணையத் தாக்குதலால் மணிக்கூடு நிறுவனமான கார்மினின் சேவை சில நாள் முடங்கியபோது உலகம் முழுக்கப் பலர் பயிற்சிப் பதிவுகளைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். சி.ஆர். கொப்பியைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

செயலியில் நண்பர்களின் வேகத்தைப் பார்த்து, இலகு நாளையும் போட்டி நாளாக்குவது இளம் பிள்ளைகளிடம் நான் அதிகம் காணும் சிக்கல். முழங்கால் நோவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இலகு நாட்களில் போனை வீட்டாரிடம் இடம் காட்ட மட்டும் கொண்டு போங்கள்.

செலவழிக்கும் வரிசையைக் கேட்டால் நான் சொல்வது இது: முதலில் ஹெல்மெட், பிறகு காலுக்குப் பொருந்தும் ஓட்டச் சப்பாத்து, நீச்சல் கண்ணாடி, சைக்கிளுக்கு நல்ல டயர், போனோடு இணையும் நெஞ்சுப்பட்டி. ஜிபிஎஸ் மணிக்கூடு அதற்குப் பிறகு.