'ரொம்ப' எல்லா இடத்திலும் 'வெரி' ஆகாது: ஆங்கிலப் பெயரடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'த ஃபுட் வாஸ் வெரி டெலிஷியஸ்' என்று எழுதுகிறோம். அலுவலகத்தில் ஒருவர் நன்றாக வேலை செய்தால் 'வெரி எக்ஸலன்ட்' என்று பாராட்டுகிறோம். சொல்ல வந்தது புரிந்துவிடும். ஆனால் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவரின் காதில் அது கொஞ்சம் இடறும். ஏன் என்று கேட்டால் பலருக்கு உடனே காரணம் சொல்ல வராது, 'அப்படிச் சொல்வதில்லை' என்று நிறுத்திக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது, தமிழ் தெரிந்தவர்களுக்கு அது எளிதாகவே பிடிபடும்.

'ரொம்பச் சிவப்பு' என்கிறோம். 'ரொம்ப செக்கச்செவேல்' என்று யாராவது சொல்கிறோமா? 'ரொம்ப இருட்டா இருக்கு' சரி. 'ரொம்பக் கும்மிருட்டு' என்று சொல்லப் போனால் நாக்கு தயங்கும். 'ரொம்பப் புத்தம்புதுசு' என்பதும் வராது. செக்கச்செவேல் என்ற சொல்லுக்குள்ளேயே 'ரொம்ப' உட்கார்ந்திருக்கிறது, மேலே இன்னொன்றை ஏற்ற இடமில்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். கும்மிருட்டுக்கு பிட்ச் டார்க், புத்தம்புதுசுக்கு பிராண்ட் நியூ, கொட்டக் கொட்ட விழித்திருப்பதற்கு வைட் அவேக். இவற்றுக்கு முன்னால் வெரி வராது. அயர்ந்து தூங்குகிறவரை 'வெரி அஸ்லீப்' என்று சொல்வதில்லை, ஃபாஸ்ட் அஸ்லீப் என்பார்கள்.

அப்படியானால் நமக்குச் சிக்கல் எங்கே வருகிறது? நம்முடைய 'ரொம்ப' பெருந்தன்மையான சொல். 'ரொம்ப நல்லா இருக்கு' என்பதற்கும் வரும், 'ரொம்ப அருமை', 'ரொம்பப் பிரமாதம்' என்பதற்கும் வரும். ஆங்கிலத்தின் வெரி அவ்வளவு தாராளம் கிடையாது. படிப்படியாக ஏறி இறங்கக்கூடிய சொல்லோடுதான் அது சேரும். 'ரொம்ப' வந்த இடத்தில் எல்லாம் வெரியைப் போட்டுவிடுவதுதான் இங்கே நாம் செய்யும் முதல் தவறு.

படி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 'எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். காபி எவ்வளவு சூடு? கொஞ்சம், நல்லா, ரொம்ப என்று பதில் வரும். ஆகவே ஹாட் என்பது கிரேடபிள், அதாவது அளவு கூடிக் குறையும் பெயரடை. டயர்ட், பிக், ஹங்க்ரி, ஆங்க்ரி, டேஸ்டி எல்லாம் இந்த வகை. 'ஹவ் டெட்?' என்று கேட்க முடியாது. உயிர் இருக்கிறது, அல்லது இல்லை. டெட், இம்பாஸிபிள், பர்ஃபெக்ட் போன்றவை ஓர் எல்லைக் கோட்டைக் குறிக்கின்றன. நான்-கிரேடபிள் என்று இலக்கணப் புத்தகங்கள் சொல்வது இவற்றைத்தான்.

கூடவே இன்னொரு கூட்டமும் இந்தப் பெயரில் வரும், நம்மைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு சாதாரணச் சொல்லின் உச்சத்தைக் குறிப்பவை அவை. டேஸ்டியின் உச்சம் டெலிஷியஸ், குட் உச்சத்துக்குப் போனால் எக்ஸலன்ட். டயர்ட் என்றால் களைப்பு, எக்ஸாஸ்டட் என்றால் இனி ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. பசி ஹங்க்ரி, பசியில் உயிர் போவது ஸ்டார்விங். கோபம் ஆங்க்ரி, கொதிக்கும் கோபம் ஃபியூரியஸ். கோல்டுக்கு ஃப்ரீசிங், பிக்குக்கு ஹியூஜ், ஸ்மாலுக்கு டைனி, டர்ட்டிக்கு ஃபில்த்தி. இவற்றை இரண்டு இரண்டாகவே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தனித்தனியாகப் படித்தால் எதற்கு எது உச்சம் என்பது மறந்துவிடும்.

உச்சத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் அதற்குரிய துணைச்சொல் அப்சல்யூட்லி. 'ஐ ஆம் அப்சல்யூட்லி எக்ஸாஸ்டட்', 'இட்ஸ் அப்சல்யூட்லி ஃப்ரீசிங்' என்று சொல்லலாம். கம்ப்ளீட்லி, டோட்டலி, அட்டர்லி ஆகியவையும் உண்டு, ஆனால் அவை எல்லாவற்றோடும் சேர்வதில்லை. காலியான அறையை கம்ப்ளீட்லி எம்ப்டி எனலாம், பெரிய மாளிகையை கம்ப்ளீட்லி ஹியூஜ் எனச் சொல்வது பொருந்தாது, அப்சல்யூட்லி ஹியூஜ்தான் சரி. நமக்கும் இது புதிதில்லை. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்களைப் பள்ளியில் படித்தோம். ஆறும் ஒரே பொருள்தான், ஆனாலும் 'சாலச் சிறந்தது' என்கிறோம், 'கூர் சிறந்தது' என்று சொல்வதில்லை. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது பழக்கத்தில் வருவது, வாசிக்க வாசிக்கத்தான் படியும்.

இதைக் கற்றவுடன் எதிர்ப்பக்கத் தவறு ஒன்று வரும். எல்லா இடத்திலும் அப்சல்யூட்லி போட்டு 'அப்சல்யூட்லி டயர்ட்', 'அப்சல்யூட்லி பிக்' என்று எழுதுவது. அதுவும் இடறும். குறைத்துச் சொல்லும் சொற்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அ பிட் டயர்ட் சரி, அ பிட் எக்ஸாஸ்டட் பொருந்தாது. உச்சத்தைக் 'கொஞ்சம்' என்று எப்படிச் சொல்வது? குழப்பமாக இருந்தால் ரியலி என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். ரியலி டயர்ட், ரியலி எக்ஸாஸ்டட் இரண்டும் சரி. பேச்சில் பாதுகாப்பான சொல் அது.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். பெட்டர் என்பதிலேயே 'அதைவிட' என்பது இருக்கிறது, 'மோர் பெட்டர்' வேண்டாம். இம்பாஸிபிள் என்பதற்கு மோர் சேராது, ஆனால் ஆல்மோஸ்ட் சேரும். எல்லைக் கோடு இருந்தால்தானே அதை நெருங்க முடியும்? அதனால்தான் ஆல்மோஸ்ட் இம்பாஸிபிள் சரியாகவும், 'ஆல்மோஸ்ட் டிஃபிகல்ட்' விநோதமாகவும் ஒலிக்கிறது.

வகையைச் சொல்லும் பெயரடைகளுக்கு வெரி போட்டால் பொருளே மாறிவிடும். சிவில் எஞ்சினியர் என்பதில் சிவில் ஒரு துறையைக் குறிக்கிறது. 'வெரி சிவில்' என்றால் மரியாதையாக நடந்துகொள்பவர் என்று அர்த்தம். கிரிமினல் லாயர் என்பவர் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். முன்னால் ஒரு வெரி சேர்த்தால் அவரையே குற்றவாளி ஆக்கிவிடுவோம். ஆனுவல், டிஜிட்டல், மெடிக்கல் போன்றவையும் இந்த வகைதான். அதே சமயம் 'அ வெரி இண்டியன் வெட்டிங்' என்று சொல்லலாம். இந்தியக் குடியுரிமை பற்றிய பேச்சு இல்லை அது, நம் ஊர்க் கல்யாணத்தின் சாயல் நிறைய இருக்கிறது என்பதே பொருள். சொல் ஒன்றுதான், எந்தப் பொருளில் வருகிறது என்பதைப் பொறுத்துப் படி முளைக்கும் அல்லது மறையும்.

இந்த விதியை இரும்புக் கம்பியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகப்புரையிலேயே 'மோர் பர்ஃபெக்ட் யூனியன்' என்று இருக்கிறது. 'வெரி யுனீக்' என்பதை இலக்கணக்காரர்கள் கண்டித்துக்கொண்டே இருக்கிறார்கள், மக்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், பேச்சில் விட்டுவிடலாம், வேலை விண்ணப்பத்திலும் தேர்விலும் தவிர்த்துவிடுங்கள். வெறும் யுனீக் போதும். 'ஆல் த வெரி பெஸ்ட்' என்று வாழ்த்துவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அதில் வெரி சரியான இடத்தில்தான் இருக்கிறது. 'த' என்பதோடு வந்து பெஸ்ட்டை அழுத்துகிறது. 'ஹீ இஸ் வெரி பெஸ்ட்' என்பதுதான் தவறு.

'ரொம்ப' செய்யும் இன்னொரு குழப்பம் டூ. 'சட்டை ரொம்பப் பெருசு' என்று கடையில் சொன்னால் எனக்குச் சேராது என்று பொருள், அது டூ பிக். 'அவங்க வீடு ரொம்பப் பெருசு' என்று வியந்தால் அது வெரி பிக். தமிழில் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது, ஆங்கிலத்தில் பிரித்தாக வேண்டும். புது வீட்டுக்குப் போய் 'யுவர் ஹவுஸ் இஸ் டூ பிக்' என்று மனதாரப் பாராட்டினால், வீட்டுக்காரருக்கு அது குறை சொன்னது போலத்தான் கேட்கும்.

கடைசியாக க்வைட். இது இரண்டு முகம் கொண்ட சொல். க்வைட் இம்பாஸிபிள் என்றால் முற்றிலும் முடியாதது. படி உள்ள சொல்லோடு வரும்போது பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் 'ஓரளவு' என்றுதான் பொருள், க்வைட் குட் என்றால் பரவாயில்லை ரகம். அமெரிக்கர் அதே க்வைட் குட் என்பதை 'ரொம்ப நல்லது' என்ற பொருளில் சொல்வார். மாணவருக்கு லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர், 'ஹர் ஒர்க் இஸ் க்வைட் குட்' என்று பெருமையோடு எழுதினால், படிப்பவர் அந்தப் பெண்ணைச் சுமாரானவள் என்று நினைத்துக் கடிதத்தை ஒதுக்கி வைக்கக்கூடும். அங்கே வெரி குட் என்று எழுதுங்கள், அல்லது எக்ஸலன்ட் என்று மட்டும் எழுதுங்கள்.