எழுத்துத் தீர்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள்

மலேசியாவில் மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்ற வழக்கில் தண்டனை விழுந்து, மேல்முறையீடு செய்ய நினைத்தால், ‘நோட்டிஸ் ராயுவான்’ என்ற மேல்முறையீட்டு அறிவிப்புத் தாளை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நீதிபதி எழுதும் காரணங்கள் கைக்கு வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 307ஆம் பிரிவின் 14 நாள், தீர்ப்பு சொன்னதிலிருந்தே ஓடும். காரணங்களோ மாதக்கணக்கில் இழுக்கலாம். அறிவிப்பில் வாதம் எதுவும் வேண்டாம். மூன்று பிரதி, கட்டணம், அவ்வளவுதான். கொடுக்க வேண்டியது தண்டித்த அதே நீதிமன்றத்தில். கோலாலம்பூர் ஜாலான் டூத்தாவில் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே வளாகம், கவுண்டர் மாறிவிடப் போகிறது. உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அறிவிப்பில் போடும் முகவரி. காரணங்கள் அங்கேதான் வரும். வந்ததிலிருந்து இன்னொரு 14 நாளில் மேல்முறையீட்டு மனு போட வேண்டும். இதைக் கோட்டைவிட்டால் மேல்முறையீட்டை நீங்களே கைவிட்டதாகக் கணக்கு. அடிக்கடி வாடகை அறை மாறுபவர் அம்மா வீட்டு முகவரியைப் போடுவது நல்லது.

சிறையில் இருப்பவர் அதே கெடுவுக்குள் சிறை அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு இது பாதிதான் உதவும்: தண்டனையின் அளவு, சட்டப்படி அது சரியா என்பதை மட்டுமே எதிர்க்கலாம். 14 நாள் கடந்துவிட்டதா? உயர் நீதிமன்ற நீதிபதியிடம் தக்க காரணத்தோடு அனுமதி கேட்க வேண்டும். ‘வேலை அதிகம்’ என்பதெல்லாம் எடுபடாது. அறிவிப்பு கொடுத்ததால் மட்டும் தண்டனை நிற்காது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.