அடிக்கிற கைதான் அணைக்குமா? ஆய்வு செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு

எங்கள் துறையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்போடு வந்து நிற்கும் மாதம் ஜூலை. ஒவ்வொரு முறையும் ஒருவராவது இதைக் கேட்கிறார்: "மேடம், சின்ன வயசுல வீட்டுல அடி வாங்கினவங்க, பெரியவங்களானதும் லவ் பண்றவங்களை அடிக்கிறாங்களான்னு பார்க்கலாமா?" பார்க்கலாம். பார்க்க வேண்டிய கேள்விதான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிப் பிள்ளை வளர்க்கிற ஊர் நம்முடையது. நேசிக்கிறவர் அடிக்கலாம் என்று படித்துக்கொண்ட பிள்ளை, தான் நேசிக்கத் தொடங்கும் வயதில் அதையே செய்கிறதா? ஆய்வின் கருதுகோள் அந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி 140 கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, "தொடர்பு இல்லை" என்று முடிவு எழுதினாள். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த 140 பேரை வைத்து 'இருக்கிறது' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. அதை அவளுக்கு நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்து வருகிறவர்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல ஆய்வைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கிளையில் இருந்த ஜெஃப் டெம்பிளும் அவருடைய குழுவினரும் 2017ஆம் ஆண்டு இறுதியில் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டது எனக்குப் பிடித்த உதாரணம். 758 பேர், சராசரி வயது 20. சிறுவயதில் தண்டனையாக அடி வாங்கியதாகச் சொன்னவர்கள் 68 சதவீதம். காதல் துணையை உடல்ரீதியாகத் தாக்கியதாக ஒப்புக்கொண்டவர்கள் 19 சதவீதம். பால், வயது, இனம், பெற்றோரின் படிப்பு ஆகியவற்றோடு சிறுவயதில் நேர்ந்த உடல் வதையையும் கணக்கில் கழித்த (அதாவது, அவற்றால் வரும் வித்தியாசத்தை நீக்கிய) பிறகும் தொடர்பு நின்றது; ஆட்ஸ் ரேஷியோ (ஒன்று நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதத்தை இரண்டு குழுக்களிடையே ஒப்பிடும் எண்; 1 என்றால் வித்தியாசமே இல்லை) 1.29. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த எண்ணை விட, வதையைத் தனியாகக் கழித்திருக்கிறார்கள் என்பது. அதைச் செய்யாவிட்டால், கொடுமையாக வதைபட்ட சிலரின் பாதிப்பைச் சாதாரண அடியின் தலையில் ஏற்றிவிடுவீர்கள்.

சரி, கேள்வித்தாளுக்கு வருவோம். மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

"உங்கள் பெற்றோர் உங்களைத் தண்டித்தார்களா?" என்று கேட்காதீர்கள். முன்னோட்டத்தில் ஒரு பையன் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டிருந்தான். பிறகு பேசிக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்பில் மார்க் குறைந்ததற்கு அப்பா பெல்ட்டால் முதுகில் அடித்ததைச் சொன்னான். "அப்புறம் ஏன்ப்பா இல்லைன்னு போட்ட?" என்றேன். "அது தண்டனை இல்ல மேடம், கண்டிப்பு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டில் அதற்குப் பெயர் அதுதான்.

அதனால் பெயரைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும். இந்த வழியைக் காட்டியவர் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் முரே ஸ்ட்ராஸ். 1979இல் அவர் வெளியிட்ட மோதல் உத்திகள் அளவுகோல், 'வன்முறை' என்ற சொல்லையே ஓரமாக வைத்துவிட்டு, "தள்ளினீர்களா, அறைந்தீர்களா, எத்தனை முறை" என்று கேட்டது. காதலர், தம்பதியருக்கான திருத்தப் பதிப்பு 1996இலும், பெற்றோர் பிள்ளைகளுக்கானது 1998இலும் வந்தன. 32 நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களிடம் காதல் உறவு வன்முறை பற்றி அவர் நடத்திய ஆய்வும் இந்த அளவுகோலை வைத்துத்தான். திருத்தப் பதிப்பை உரிமம் வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும், அதை மறக்காதீர்கள். தமிழாக்கியதை இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

அதற்கு மேல் நம் வீடுகளில் நடப்பதைச் சேர்க்க வேண்டும். கையால் பின்பக்கத்தில் அடித்தது, கன்னத்தில் அறைந்தது, காதைத் திருகியது, தொடையில் கிள்ளியது, முட்டி போட வைத்தது, புளியம் விளாரால் காலில் அடித்தது என்று ஒவ்வொன்றும் தனி வரி. தனிப் பிரிவாக, சூடு வைத்தது, மிளகாய்ப் புகையில் முகத்தைப் பிடித்தது, காலால் உதைத்தது, கழுத்தை நெரித்தது, கட்டி வைத்து அடித்தது. முதல் பிரிவு அடி, இரண்டாவது வதை. எது எந்தப் பிரிவு என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். ஸ்ட்ராஸின் அளவுகோலில் பெல்ட்டாலோ குச்சியாலோ பின்பக்கத்தில் அடித்தால் அது உடல் தண்டனை. உடம்பின் வேறு இடத்தில் அடித்தால் வதை. அந்தக் கணக்கில் அந்தப் பையனின் முதுகில் விழுந்தது வதை. நம் ஊர் விளாரு காலில்தானே விழுகிறது? அதை எங்கே வைப்பது என்று எங்கள் துறையில் ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். கடைசியில் தழும்போ ரத்தமோ வந்ததா என்று கூடுதலாக ஒரு கேள்வி வைத்து, வந்திருந்தால் வதை என்று முடிவு செய்தோம். நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம். ஆனால் முடிவைப் பார்த்த பிறகு எல்லைக்கோட்டை நகர்த்தாதீர்கள்.

"சிறுவயதில்" என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு வயது வரும். "நீங்கள் 5ஆம் வகுப்பு முடிக்கும் வரை" என்று கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு வயதை விட வகுப்புதான் நினைவில் நிற்கிறது. வீட்டு அடியையும் பள்ளி அடியையும் கலக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. இருந்தாலும் அதற்கும் ஒரு தனி வரி வையுங்கள்.

காதல் பக்கத்தில் 'டேட்டிங்' என்ற சொல்லை வைத்துக் கேட்டால் பலர் தங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். 'காதலிக்கிறீர்களா' என்றால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். கல்லூரியில் அவர்கள் சொல்வது 'கமிட்டட்', 'பேசிட்டு இருக்கோம்'. நாங்கள் வைத்த கேள்வி: "கடந்த 12 மாதங்களில், காதலாகவோ அதற்கு நெருக்கமாகவோ நீங்கள் பழகிய ஒருவர் இருந்தாரா?" ஆம் என்றவர்களுக்கு மட்டும் அடுத்த பக்கம். அதில் ஒவ்வொரு செயலையும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்: நான் அவருக்குச் செய்தேன், அவர் எனக்குச் செய்தார். கையை முறுக்கியது, தலைமுடியைப் பிடித்து இழுத்தது, அறைந்தது, பொருளை வீசியது. போனைப் பிடுங்கிப் பார்ப்பதும் பாஸ்வேர்டு கேட்பதும் முக்கியமானவைதான், ஆனால் அவை கட்டுப்பாடு. வேறு பிரிவில் வையுங்கள். எண்ணிக்கையோடு நிறுத்தாமல் காயம் பட்டதா, பயந்தீர்களா, தற்காப்புக்காகச் செய்ததா என்றும் கேளுங்கள். கையை உதறிவிட்டு ஓடிய பெண்ணையும், அவள் கையை முறுக்கியவனையும் ஒரே கட்டத்தில் போடுவது அநியாயம்.

அடுத்தது, இரண்டுக்கும் பின்னால் நிற்கும் மூன்றாவது விஷயங்கள். அப்பா அம்மாவை அடிக்கும் வீட்டில் பிள்ளைக்கும் அடி விழுகிறது. பிள்ளை எதிலிருந்து கற்றது, தன் முதுகில் விழுந்ததிலிருந்தா, அம்மா முகத்தில் விழுந்ததிலிருந்தா? இந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டால் உங்கள் ஆய்வு நிற்காது. தேசியக் குடும்பநல ஆய்வே பெண்களிடம் "உங்கள் அப்பா அம்மாவை அடித்ததுண்டா" என்று கேட்கிறது, தயங்காமல் கேளுங்கள். அப்பாவின் குடி, வீட்டு வருமானம், அம்மாவின் படிப்பு ஆகியவையும் வேண்டும். சின்ன வயதிலேயே கோபக்காரப் பிள்ளை அதனாலேயே அதிகம் அடி வாங்கியிருக்கலாம், அந்தக் கோபம் பின்னாலும் தொடர்ந்திருக்கலாம். ஒரே முறை கேட்கும் ஆய்வில் இதைத் தீர்க்க வழியில்லை.

எதைக் கழிக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. "காதலில் ஒரு அறை பெரிய தப்பில்லை" என்ற எண்ணத்தையும் கட்டுப்பாட்டு மாறியாக (கணக்கில் கழிக்கும் விஷயமாக) போடும் மாணவர்கள் உண்டு. அடி அந்த எண்ணத்தை விதைத்து, அந்த எண்ணம் கையை ஓங்க வைக்கிறது என்பதுதானே நம் கருதுகோள்? வழியில் இருப்பதைக் கழித்துவிட்டால், தேடிப் போன பொருளையே தூக்கி எறிந்ததாகும். அதை இடைமாறியாகத் தனியே பாருங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? அடி வாங்காதவர்களில் 100க்கு 16 பேர் துணையைத் தாக்குகிறார்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆட்ஸ் ரேஷியோ 1.29 என்றால், வாங்கியவர்களில் அது ஏறத்தாழ 20 பேர். இந்த நான்கு பேர் வித்தியாசத்தை, ஆம்/இல்லை என்ற அளவில், 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, அடி வாங்கியவர், வாங்காதவர் என ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1,700 பேர் தேவை. என் மாணவியின் 140 பேர் எங்கே, இது எங்கே! இதனால் மனம் தளர வேண்டாம். அடியை ஆம்/இல்லை என்று சுருக்காமல் 'ஒருபோதும் இல்லை' முதல் 'வாரம் ஒருமுறைக்கு மேல்' வரை படிகளாக வைத்தால், குறைந்த பேரிலும் ஓரளவு தெரியும். இரண்டு மூன்று கல்லூரி மாணவர்கள் ஒரே கேள்வித்தாளை வைத்துத் தரவைச் சேர்க்கலாம். குறைந்தபட்சமாக, சமன்பாட்டில் போடும் ஒவ்வொரு மாறிக்கும், தாக்கியதாகச் சொன்னவர்கள் 10 பேராவது இருக்கட்டும். ஏழு மாறி என்றால் 70 பேர். 19 சதவீதம்தான் ஒப்புக்கொள்வார்கள் என்றால், காதல் உறவில் இருந்தவர்களே 370 பேர் வேண்டும்.

கணக்குப் போட, ஆம்/இல்லை என்ற விடையோடு பல மாறிகளின் தொடர்பை ஒரே நேரத்தில் பார்க்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போதும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்க முடியாதவர்கள் ஜமோவியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் அடியை மட்டும் போட்டு ஓட்டுங்கள், பிறகு வதையைச் சேருங்கள், அதன் பிறகு அம்மா அடிபட்டதைப் பார்த்தது, கடைசியில் மற்றவை. ஒவ்வொரு படியிலும் அடிக்கான ஆட்ஸ் ரேஷியோ எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். உங்கள் ஆய்வின் கதை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகவும் ஓட்டுங்கள்.

முடிவை எழுதும்போது, 1.29ஐ வைத்துக்கொண்டு "அடி வாங்கியவர்கள் காதலியை அடிப்பார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். மேலே போட்ட கணக்கிலேயே அடி வாங்கிய 100 பேரில் 80 பேர் யாரையும் தாக்கவில்லை. "அடி வாங்கியதாக நினைவுகூர்ந்தவர்களிடையே" என்று எழுதுங்கள். ஜெஸ்ஸி பால்ட்வின் குழு 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறுவயதிலேயே பதிவான கொடுமையும் வளர்ந்த பிறகு நினைவிலிருந்து சொல்வதும் பெரும்பாலும் ஒரே ஆட்களைக் காட்டவில்லை. 'காரணம்' என்ற சொல்லுக்குப் பதில் 'தொடர்பு' என்று எழுதுங்கள். எண் தெளிவாக வராவிட்டால், எவ்வளவு பெரிய தொடர்பைப் பிடிக்கும் அளவுக்கு உங்கள் மாதிரி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வித்தாளைக் கொடுக்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18 வயது நிறைந்தவர்களிடம் மட்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பெயரும் வருகை எண்ணும் இல்லாமல். வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது. பெஞ்சுக்கு ஒருவராக உட்கார வையுங்கள். காதல் உறவு இல்லாதவர்களுக்கும் அதே நீளத்தில் வேறு கேள்விகள் கொடுங்கள். இல்லையென்றால் யார் சீக்கிரம் முடிக்கிறார் என்பதே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாரும் ஒரே மாதிரி உறையில் போட்டு, ஒட்டி, பெட்டியில் போடட்டும். ஒருமுறை ஒரு பெண் மூன்றாம் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நிரப்பாமலே போடலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக இன்னொரு தடவை சொன்னேன். வெற்று உறையைப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் துறைக்கு வந்து, எங்கள் உதவித் தாளில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அந்தத் தாளில் 181 பெண்கள் உதவி எண், 14416 மனநல உதவி எண், கல்லூரி ஆலோசகர் இருக்கும் நேரம் மூன்றும் இருக்கும். அதை யாருக்கு வேண்டும் என்று கேட்டுக் கொடுக்காதீர்கள். கேள்வித்தாளோடு சேர்த்து எல்லார் கையிலும், பையில் மடித்து வைக்கும் அளவில் கொடுத்துவிடுங்கள்.