முனகிய மின்விசிறியும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும்

கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை வீட்டில் மின்விசிறி முனகிக்கொண்டே அசையாமல் நின்றது. இறக்கையைத் தடியால் தள்ளிவிட்டால் மெல்லச் சுழன்றது. மோட்டார் எரிந்திருந்தால் பெரும்பாலும் கருகிய வாடை வரும். தள்ளியதும் சுற்றுகிறதென்றால் முதலில் கப்பாசிட்டர் என்னும் மின்தேக்கியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சுழற்சியைத் தொடக்கிவைக்கும் உந்துதல் அதனால்தான் கிடைக்கிறது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேல்மூடியைத் தளர்த்தினேன். உள்ளே சிறிய கறுப்புப் பெட்டி; அதுதான் கப்பாசிட்டர். ஒரு பக்கம் உப்பிக் கிடந்தது. அதன் மின்தேக்கு அளவு 2.5 மைக்ரோபாரட் என்று அதில் அச்சிட்டிருந்தது. கம்பிகளைப் படம் பிடித்துக்கொண்டு, புறக்கோட்டையில் அதே அளவில், வோல்ட் அளவும் குறையாமல் ஒன்றை வாங்கி மாட்டினேன். முதல் வேகத்திலேயே காற்று அள்ளிக்கொண்டு வந்தது! இதற்கெல்லாம் ஆண்டு ஒப்பந்தம் போடுவது வீண் செலவு.

குளிரூட்டியின் கதை வேறு. வாயு நிரப்புவது நம் கைவேலை அல்ல. அதற்கு ஒப்பந்தம் போடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வெளிப்புறப் பெட்டியை அரித்துவிடும். துருப்பிடித்த பாகங்களுக்கும் பொறுப்பேற்கிறார்களா என்பதைக் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.